பேட்டர்ன் ரூமில் ஜெனிதாவின் தட்டு

என் தங்கை ஜெனிதாவுக்கு எதுவும் சும்மா கிடைத்ததில்லை. கிடைத்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடத்தில் பள்ளியிலேயே முதல் மார்க். அந்தப் பள்ளியின் ஒரே கம்ப்யூட்டர், தலைமையாசிரியர் அறையில் பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது, இன்ஸ்பெக்‌ஷன் வரும் நாளில் மட்டும் துணியை எடுப்பார்கள். சர்ச் கிறிஸ்துமஸ் நாடகத்தில் தேவதூதன் வேஷம். அதற்கு முன் பல வருடம் ஆடாக நின்றாள். ஸ்கூட்டர் லைசென்ஸ், மூன்றாவது முயற்சியில்; முதல் இரண்டும் என் வண்டியில் ஓட்டிக் காட்டியது, அதன் பிரேக்கைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை. மில்லில் ஷிப்டு பார்த்துக்கொண்டே தபாலில் படித்து வாங்கிய பி.சி.ஏ. பட்டம். நாங்கள் இருவரும் வேலை பார்க்கும் பம்பு கம்பெனியின் டெஸ்ட் ரூமில் முதுகு சாய்கிற நாற்காலி; அதற்கு முன் அங்கே முக்காலிதான். கடைசியாக, அதே கம்பெனியின் பேட்டர்ன் ரூமில் ஒரு தட்டு.

தட்டு என்றால் அலமாரித் தட்டு. மற்றதெல்லாம் கேட்டதும் புரியும். இது பெரிய விஷயம் என்று புரிய வேண்டுமானால் கம்பெனியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் மேட்டுப்பாளையம் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு கோடியில் ஃபவுண்டரி. நான் அங்கே மோல்டர். பேட்டர்ன் என்பது பம்பின் உடல் எந்த வடிவத்தில் வர வேண்டுமோ அந்த வடிவத்தில் மரத்திலோ அலுமினியத்திலோ செய்த மாதிரி. அதை மண்ணில் பதித்து எடுத்தால் பள்ளம் கிடைக்கும். பள்ளத்தில் உருகிய இரும்பை ஊற்றி, ஆறியதும் மண்ணை உடைத்து வார்ப்பை எடுப்போம். அது கடைசல், அசெம்பிளி எல்லாம் தாண்டி மறு கோடியில் உள்ள டெஸ்ட் ரூமுக்குப் போகும். அங்கேதான் ஜெனிதா.

டெஸ்ட் ரூமில் தரைக்குக் கீழே ஒரு தண்ணீர்த் தொட்டி. பம்பை மேடையில் பூட்டி ஓடவிடுவார்கள். எவ்வளவு தண்ணீர் தள்ளுகிறது, எவ்வளவு அழுத்தத்தில் தள்ளுகிறது, எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதை மீட்டர்கள் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு சர்ட்டிபிகேட் அச்சடிக்கும். அதில் டெஸ்ட் ரூம் பொறுப்பாளர் கையெழுத்துப் போட்டால்தான் பம்பு லாரி ஏறும். அந்தக் கையெழுத்து அப்போது சென்னகேசவன் சாருடையது. பம்பை ஓட்டிப் பார்ப்பது, கணக்குச் சரிபார்ப்பது, அச்சடிப்பது எல்லாம் ஜெனிதா. கையெழுத்து மட்டும் கேசவன் சார். இதை அவர் மேல் குறையாகச் சொல்லவில்லை. ஜெனிதாவுக்கு வேலை பழக்கியவர் அவர்தான்.

கம்ப்யூட்டருக்கு எங்கள் மீட்டர்களைத் தானாகத் தெரியாது. எந்த ஒயரில் எந்த மீட்டர், அந்த மீட்டர் சொல்லும் எண்ணை எதனால் பெருக்கினால் லிட்டர் வரும், சர்ட்டிபிகேட் தாளில் எந்த இடத்தில் எழுத்து விழ வேண்டும், டெஸ்ட் நடுவில் திரை அணையக் கூடாது என்பதையெல்லாம் நாம்தான் சொல்லி வைக்க வேண்டும். அப்படிச் சொல்லி வைத்தவை சின்னச் சின்ன ஃபைல்களாக உள்ளே இருக்கும். ஜெனிதா அவற்றை “நம்மளுது” என்பாள். சிஸ்டத்தோடு வந்தவை “அவங்களுது”.

எங்கள் முதலாளி லட்சுமணசாமி. எழுபது தாண்டியவர். நல்ல மனுஷர். ஆயுத பூஜை விஷயத்தில் மட்டும் அவரிடம் பேச்சே கிடையாது. பூஜைக்கு முந்தின வாரமே பட்டறை கழுவப்படும். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கப்படும். ஸ்பேனரிலிருந்து கிரேன் வரை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைக்கப்படும். வேலை செய்கிற எந்தப் பொருளும் பூஜைக்கு அழுக்காக வரக் கூடாது, எதுவும் வராமலும் இருக்கக் கூடாது. சின்ன சாமான்கள் எல்லாம் சாமி படத்துக்கு முன் பலகையில் அடுக்கப்பட்டுச் சந்தனம், குங்குமம் பெறும். விஜயதசமி காலை வரை யாரும் தொடக் கூடாது. விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் முதல் வேலை ஆரம்பிக்க வேண்டும்.

நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். எங்கள் சாமான்களை நாங்களே துடைத்து வைப்போம், பொட்டு வைக்கும்போது ஒதுங்கி நிற்போம், பொரி கடலையை வாங்கிக்கொள்வோம். முதலாளி அதைப் பார்க்காதது போல இருப்பார். இரண்டு தரப்புக்கும் இதில் எந்தச் சிரமமும் இருந்ததில்லை.

சிரமம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் மதன்குமார் ஒரு தடவை முதலாளியிடம், “வெளியில தொடைச்சாப் போதாதுங்க. உள்ளேயும் குப்பை சேரும். வருஷம் ஒருக்கா எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா சிஸ்டம் போட்டாத்தான் சுத்தம்” என்று சொல்லிவிட்டார். சொல்ல வேண்டிய ஆளிடம், சொல்ல வேண்டிய மாதத்தில் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஆயுத பூஜைக்கு முதல் நாள் எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டர்களும் கழுவப்படுகின்றன.

முதல் வருடம், அதாவது 2021, ஜெனிதா “நம்மளுது” எல்லாவற்றையும் சிஸ்டத்தின் சொந்த ஃபைல்களுக்குள்ளேயே திருத்தி எழுதி வைத்திருந்தாள். மதன்குமார் வந்தார். வேலையை முடித்தார்.

“முழுசா எடுத்தாச்சுங்கக்கா. ஒரு துளி கூட உடலை.”

“நம்மளுது?”

“எதுங்கக்கா?”

கேசவன் சார் பதறவில்லை. பெருக்கும் எண்களை எல்லாம் அவர் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். மேசையை நகர்த்திப் பார்த்தார். சுவர் பால் போல் இருந்தது.

“இங்க இருந்துச்சேப்பா” என்றார்.

“அழுக்குன்னு நெனச்சேனுங்க” என்றார் சுண்ணாம்பு அடித்தவர்.

எண்கள் போனால் திரும்பக் கண்டுபிடிக்க ஒரே வழிதான். அளவு தெரிந்த டேங்கில் தண்ணீரை நிரப்பி, ஸ்டாப் வாட்ச் வைத்து, மீட்டர் சொல்வதோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு மீட்டருக்கும், பல தடவை. அது முடியும் வரை பொள்ளாச்சி லாரி வாசலில் நின்றது. பம்புக்குக் காத்திருந்த தென்னந்தோப்புக்காரர்கள் லாரி டிரைவரிடம் ஃபோனில் சொன்னதை எல்லாம் அவர் எங்களிடம் வந்து சொன்னார், ஒரு வார்த்தை குறைக்காமல்.

இரண்டாம் வருடம் அவள் உஷாராக இருந்தாள். கழுவுவதற்கு முன் அமைப்புகள் இருக்கும் ஃபோல்டர் முழுவதையும் அப்படியே எடுத்து முதலாளி மகன் உதய் சாரின் லேப்டாப்பில் வைத்தாள். விஜயதசமி காலை, புதிதாகப் போட்ட சிஸ்டத்தின் மேல் அந்தப் பழைய ஃபோல்டரை அப்படியே கவிழ்த்தாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் கறுப்புத் திரையில் ஒரு வரி வந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் ஃபவுண்டரிக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னாச்சு பாப்பா?”

“மதன் போட்டது இந்த வருஷத்துச் சிஸ்டம்ணா. நான் போன வருஷத்தோட நெனப்பு முச்சூடும் அது மேல ஏத்திப்போட்டேன். தான் யாருன்னே தெரியாம நிக்குது.”

“நம்மளுது மட்டும் போட்டிருக்கலாமில்ல?”

“எது நம்மளுது எது அவங்களுதுன்னு பிரிச்சு வெச்சிருந்தாத்தானே. எல்லாம் ஒட்டுக்கா கெடக்குது.”

அந்தக் குவியலில் எந்த எண் எந்த மீட்டருக்கு என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மறுபடியும் டேங்க், ஸ்டாப் வாட்ச், லாரி.

மூன்றாம் வருடம் பிரித்தாள். நம்மளுது மட்டும் தனியாக ஒரு பென் டிரைவில். இப்போது கணக்கு சரி. மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். பூஜை அடுக்கியவர்கள் பார்த்தார்கள். வேலை செய்கிற பொருள் ஒன்று பூஜைக்கு வராமல் மேசையில் கிடந்தது. பக்தியோடு எடுத்துப் பலகையில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்துச் சந்தனமும் குங்குமமும் இட்டார்கள். மூடி இல்லாத பென் டிரைவில் பொட்டு வைக்க நெற்றி மாதிரி ஒரே ஓர் இடம்தான் இருக்கிறது, கம்ப்யூட்டரில் செருகும் வாய். அங்கேதான் வைத்தார்கள். சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது. விஜயதசமி அன்று ஜெனிதா ஸ்பிரிட்டும் டூத் பிரஷும் வைத்துத் துடைத்துப் பார்த்தாள். மணம் போகவில்லை. ஃபைலும் வரவில்லை.

அன்று மாலை உதய் சார் டெஸ்ட் ரூமுக்கு வந்தார். முதலாளியும் வந்தார். கேசவன் சார் என்னையும் கூப்பிட்டார், டேங்கைத் தூக்கி வைக்க. அதனால் பேச்சு முழுவதும் எனக்குத் தெரியும்.

“ஜெனிதா, உங்க மேல தப்புன்னு நான் சொல்லலைங்க” என்றார் உதய் சார். “ஆனா வருஷா வருஷம் இதே கதைன்னா டீலருக்கு நான் என்னன்னு சொல்றது? வெளிக் கம்பெனி ஒண்ணு இருக்குது. அவங்க கம்ப்யூட்டர், அவங்க ஆளு, கையெழுத்தும் அவங்களுது. அடுத்த வருஷம் அவங்ககிட்டக் குடுத்தறலாம். நீங்க ஸ்பேர்ஸ் ஸ்டோரைப் பார்த்துக்கோங்க. சம்பளம் கொறையாது.”

ஸ்பேர்ஸ் ஸ்டோர் என்பது ஜன்னல் இல்லாத அறை. வாஷர் எண்ணும் வேலை.

ஜெனிதா முதலாளியைப் பார்த்தாள். “ஏனுங்க ஐயா, கம்ப்யூட்டரைக் கழுவாம உட்டா ஒரு பிரச்சினையும் இல்லீங்களே.”

“அதை மட்டும் கேக்காத அம்மணி.”

“சரிங்க. அப்ப இன்னொரு ஆயுத பூசை குடுங்க.”

முதலாளி மகனைப் பார்த்தார். மகன் சுவரைப் பார்த்தார். சுவர் புதுச் சுண்ணாம்போடு இருந்தது.

“கேசவன் அடுத்த வருஷம் தீபாவளியோட ரிட்டயர் ஆகறாரு” என்றார் முதலாளி. “அதுக்குள்ள வர்ற விஜயதசமிக்கு, முதல் பம்பு அன்னைக்கே டெஸ்டாகி, அன்னைக்கே சர்ட்டிபிகேட்டு வரோணும். வந்துச்சுன்னா கேசவன் எடத்துல நீயே கையெழுத்துப் போடு கண்ணு. வரலீன்னா உதய் சொல்ற மாதிரி செஞ்சுபோடலாம்.”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. பிறகு டேங்கைத் தூக்கி வைத்தேன்.

அந்த ஒரு வருடம் அவள் செய்த வேலையை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். சிஸ்டத்தோடு வந்த எந்த ஃபைலையும் இனித் தொடுவதில்லை என்று முடிவெடுத்தாள். லினக்ஸ் என்ற அந்தச் சிஸ்டத்தில் பெரும்பாலான அமைப்புகளுக்குப் பக்கத்திலேயே ஒரு காலி ஃபோல்டர் இருக்குமாம். சிஸ்டம் முதலில் தன்னுடையதைப் படிக்கும். பிறகு அந்தப் பக்கத்து ஃபோல்டரில் நாம் ஏதாவது வைத்திருக்கிறோமா என்று பார்க்கும். இருந்தால் நம் சொல்தான் செல்லும். அதனால் நமக்கு எது வித்தியாசமாக வேண்டுமோ அதை மட்டும், இரண்டு வரியோ மூன்று வரியோ, அங்கே எழுதினால் போதும். அவங்களுது அவர்கள் விருப்பப்படி வருடா வருடம் மாறிக்கொள்ளட்டும்.

மீட்டர்களையும் எந்த ஓட்டையில் ஒயர் செருகியிருக்கிறது என்று பார்த்து அடையாளம் சொல்லாமல், மீட்டருக்குள்ளேயே இருக்கும் அதன் சொந்த நம்பரை வைத்துச் சொல்லும்படி மாற்றினாள். துடைக்கிறவர்கள் ஒயரைப் பிடுங்கி எங்கே செருகினாலும் தண்ணீர் மீட்டர் தண்ணீர் மீட்டராகவே இருக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் சேர்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் கொண்டுபோய் வைக்க ஒரு சின்னப் புரோகிராமும் எழுதினாள். சர்ச்சில் ஓரங்கட்டிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, வீட்டில் அதை அழிப்பதும் சிஸ்டம் போடுவதும் நம்மளுதைப் போடுவதுமாக இருந்தாள். மீட்டர் இல்லாததால் மீட்டர் வந்ததாக நினைத்துக்கொள்ளச் சொல்லி அதை ஏமாற்றினாள். அம்மா ஒருநாள், “எதுக்குடி கட்டறதும் இடிக்கறதுமா இருக்கற?” என்று கேட்டார். “இடிஞ்சாலும் நிக்குதான்னு பார்க்கறேன்மா” என்றாள்.

எல்லாம் சரியாக வந்தது. ஆனால் அந்த ஃபோல்டரை ஆயுத பூஜை முடியும் வரை எங்கே வைப்பது என்பது மட்டும் முடிவாகவில்லை. அதே கம்ப்யூட்டரில் ஒரு மூலையில் வைக்கலாம் என்றால், மதன்குமார் துளி விட மாட்டார். ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் அதே நாளில் கழுவப்படும். உதய் சாரின் லேப்டாப்பும் இனி ஆகாது. இடையில் ஒரு பம்பு டிராயிங் வெளியே போய்விட்டதால் டெஸ்ட் ரூம் ஃபைல் எதுவும் கேட்டைத் தாண்டக் கூடாது என்று அவரே சட்டம் போட்டிருந்தார். டெஸ்ட் ரூமுக்கு இன்டர்நெட் கிடையாது. பென் டிரைவில் வைத்தால் அது வேலை செய்கிற பொருள், பலகைக்குப் போயாக வேண்டும். இடுப்பில் முடிந்துகொள்ளலாம் என்றேன். “மொதலாளிக்குத் தெரியாம ஒளிச்சு வெச்சு ஜெயிக்கோணுமாண்ணா?” என்றாள். நான் அந்த யோசனையை விட்டுவிட்டேன்.

பூஜைக்கு முந்தின வாரம், ஒரு மதியம், தண்ணீர் மீட்டரைப் பற்றி முதலாளியிடம் ஏதோ கேட்க ஃபவுண்டரி பக்கம் வந்தாள். ஃபவுண்டரியை ஒட்டித்தான் பேட்டர்ன் ரூம். அதன் சாவி முதலாளியிடம் மட்டும் இருக்கும். வருடம் ஒருமுறை அவரே வந்து, அவர் கையாலேயே, ஒவ்வொரு பேட்டர்னையும் காய்ந்த மல் துணியால் துடைப்பார். அன்று துடைத்துக்கொண்டிருந்தார். புதிதாகச் சேர்ந்த ஆள் ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டார்.

“எங்க வர்ற?” முதலாளியின் சத்தம் வெளியே கேட்டது. “பேட்டர்ன் மேல பொட்டு வெச்சா அந்தப் பொட்டு மண்ணுல பதியும், மண்ணுல இருந்து இரும்புல வரும். அப்புறம் பம்பு பம்புக்கும் நெத்தியில முண்டு முண்டா இருக்கும். போ அக்கட்டால!”

ஆள் கிண்ணத்தோடு வெளியே வந்துவிட்டார். ஜெனிதா வாசலிலேயே நின்றாள்.

“ஏனுங்க ஐயா, வேலை செய்யற பொருளெல்லாம் பூசைக்கு வரோணும்னு சொல்லுவீங்களே. இது மட்டும் எதுக்குங்க வர்றதில்ல?”

முதலாளி துடைப்பதை நிறுத்தவில்லை. “இது எங்கம்மணி வேலை செய்யுது? இது சும்மா இருக்குது. இதைப் பார்த்து மண்ணு வேலை செய்யுது. மண்ணைத் தினமும் ஒடைக்கறோம், தினமும் புதுசாக் கட்டறோம். இது மாறாம இருந்தாத்தான் கட்டறது சரியா வரும். இதைக் கழுவவும் கூடாது, பொட்டும் வெக்கக் கூடாது.”

“அப்படீங்களா” என்றாள். அலமாரித் தட்டுகளை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு, “அப்ப எனக்கு இங்க ஒரு தட்டு வேணுமுங்க ஐயா.”

“உனக்கெதுக்கு?”

“சிஸ்டம் மண்ணுங்க. அதை நீங்க வருஷா வருஷம் ஒடைச்சுக்கோங்க, நான் ஒண்ணும் சொல்லலைங்க. என்ற ஃபைலெல்லாம் பேட்டர்னுங்க. மண்ணுக்குள்ள வெச்சே தொலைச்சுப்போட்டேன் இத்தனை நாளா.”

முதலாளி துணியை மடித்து வைத்தார். உதய் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார். வந்தவரிடம் விஷயத்தைச் சொன்னார்.

“இதுக்கு எதுக்குங்கப்பா பேட்டர்ன் ரூமு? ஆபீஸ்ல இருந்து கிளவுட்ல ஏத்தி வெச்சுக்கலாம்” என்றார் உதய் சார்.

“அது எங்க இருக்குது?”

“வெளியிலதானுங்க. பெரிய கம்பெனிக்காரங்க வெச்சுக்குவாங்க.”

“வெளியாளு ஊட்டுல நம்ம பேட்டர்னை வெப்பியா?”

உதய் சார் யோசித்தார். கேட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம் போட்டவர் அவர்தான். “சரி, இங்கேயே இருக்கட்டுமுங்க” என்றார்.

பேட்டர்ன் என்றால் பேட்டர்ன் சட்டம் எல்லாம் அதற்கும் உண்டு என்றார் முதலாளி. ஒன்று, மாஸ்டர் தனி, வேலைக்கு எடுக்கும் நகல் தனி. மாஸ்டர் எந்தக் காரணத்துக்கும் அறையை விட்டு வெளியே வராது. இரண்டு, அளவு சரிபார்க்காத எதுவும் உள்ளே போகாது. மூன்று, மாற்றம் செய்தால் பழையதையும் வைத்திருக்க வேண்டும். பழைய பம்புக்கு என்றைக்காவது ஆள் வருவார். ஜெனிதா இதையெல்லாம் கேட்டு முகம் மலர்ந்து நின்றாள். இந்த மூன்றும் ஏற்கெனவே அவள் செய்ய நினைத்தவைதான் என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். முதலாளியிடம் சொல்லவில்லை. “சரிங்க ஐயா” என்று மட்டும் சொன்னாள்.

அந்த வாரமே டேங்க் வைத்து, ஸ்டாப் வாட்ச் வைத்து, ஒவ்வொரு மீட்டரின் எண்ணையும் மறுபடி சரிபார்த்தாள். டேங்க் தூக்கியது நான். ஒரு பென் டிரைவில் மாஸ்டர், இன்னொன்றில் நகல். இரண்டையும் மூடி உள்ள எவர்சில்வர் டப்பாக்களில் போட்டுக் கொடுத்தாள். முதலாளி மேல் வரிசையில், ஐந்து எச்.பி. பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்தின் பேட்டர்னுக்குப் பக்கத்துத் தட்டைக் காலி செய்து, டப்பாக்களுக்கு நம்பர் தகடு கட்டி வைத்தார். கதவைப் பூட்டினார்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதன்குமார் வந்தார்.

“முழுசாத்தானுங்கக்கா?”

“முழுசா. ஒரு துளி உடக் கூடாது.”

மதன்குமார் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு வேலையை ஆரம்பித்தார்.

பூஜை நல்லபடியாக நடந்தது. டெஸ்ட் ரூம் தொட்டிக்கு முன்னால் வெண்பூசணி உடைத்தார்கள். பூமாலைகள் எல்லாம் எங்கள் பம்புகள் மேல் இருந்தன. எனக்குப் பொரி கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது.

மறுநாள் விஜயதசமி, சனிக்கிழமை. ராகு காலம் முடிந்ததும் ஆரம்பிப்பது என்று பேச்சு. ஃபவுண்டரியில் அன்று இரும்பு உருக்கும் வேலை கிடையாது என்பதால் நானும் டெஸ்ட் ரூம் வாசலில் நின்றேன். மேடையில் வெள்ளகோவில் டீலருக்குப் போக வேண்டிய பம்பு. முதலாளி பேட்டர்ன் ரூமைத் திறந்து நகல் டப்பாவைக் கொண்டுவந்து கொடுத்தார். ஜெனிதா செருகினாள், ஏதோ ஒரு வரி தட்டினாள். திரையில் எழுத்துகள் ஓடின. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். டெஸ்ட் புரோகிராம் தானாக வந்து நின்றது. துடைத்தவர்கள் ஒயர்களை இடம் மாற்றித்தான் செருகியிருந்தார்கள். ஆனாலும் எல்லா மீட்டரும் அதனதன் பெயரோடு திரையில் இருந்தது.

“வந்திருச்சா?” என்றார் கேசவன் சார்.

“வந்திருச்சுங்க சார்.”

முதலாளி சுவிட்சைப் போட்டார். பம்பு ஓடியது. எல்லோரும் திரையைப் பார்த்தோம். அழுத்தம் ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீரின் அளவு வர வேண்டிய இடத்துக்கு வரவில்லை. ரொம்பக் கீழே நின்றது.

உதய் சார்தான் முதலில் பேசினார். குரலை உயர்த்தவில்லை.

“பெருக்கற நம்பர் தப்பா ஏறியிருக்குதுங்களா, ஜெனிதா?”

“இல்லீங்க சார்.”

“கொஞ்சம் ஏத்திப் பாருங்க. மத்தியானம் லாரி வந்துரும். அப்புறம் சாவகாசமாச் சரிபண்ணிக்கலாம்.”

ஏற்றினால் திரையில் எண் சரியாக வந்துவிடும். சர்ட்டிபிகேட் அச்சாகும். முதலாளி சொன்ன நிபந்தனை நிறைவேறிவிடும். அது வாசலில் நின்ற எனக்கே புரிந்தது. ஏற்றாமல் நேரம் போனால் வாஷர் எண்ணப் போக வேண்டும். அதுவும் புரிந்தது. ஏற்றித் தொலை பாப்பா என்று மனதுக்குள் சொன்னேன். நல்ல வேளையாக அவளுக்குக் கேட்கவில்லை.

“நம்பரைத் தொட மாட்டேனுங்க சார்” என்றாள். “அது அளந்து பார்த்து உள்ளே போனது. பூட்டு தொறந்து ஐயா கையாலயே வந்தது. அது சரிங்க. தண்ணிதானுங்க கம்மியா வருது.”

“பூசைக்கு முன்னால வரைக்கும் நல்லா ஓடின தொட்டிங்க இது.”

“அது எனக்குத் தெரியாதுங்க சார். நம்பர் சரின்னு மட்டும் தெரியுமுங்க.”

“நல்ல நேரம் போயிட்டிருக்குது கண்ணு” என்றார் முதலாளி.

“நல்ல நேரத்துல ஆரம்பிச்சாச்சுங்களே ஐயா. முடியறதுக்குமா நேரம் பார்க்கோணும்?” என்றாள். நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

கேசவன் சார் எழுந்தார். பம்பை நிறுத்தச் சொன்னார். “ஆரோன், உறிஞ்சுகுழாயைத் தூக்குப்பா” என்றார் என்னிடம். நானும் இன்னொருவரும் தொட்டிக்குள்ளிருந்து குழாயைத் தூக்கினோம். குழாயின் வாயில் குப்பை போகாமல் தடுக்க ஒரு சல்லடை உண்டு. சல்லடையைப் பார்க்க முடியவில்லை. அதைச் சுற்றி மஞ்சள் செவ்வந்தி இதழ்களும், மாலை நாரும், வாழையிலைக் கிழிசலும், நடுவில் குங்குமம் தடவிய பூசணித் துண்டு ஒன்றும் அழகாக ஒட்டியிருந்தன.

சாமிக்குப் போட்ட பூவைக் காலில் மிதிபடும்படி குப்பையில் போடக் கூடாது, ஓடும் தண்ணீரில்தான் விட வேண்டும் என்பது முறை. எங்கள் ஊர்ப் பக்கம் ஓடும் தண்ணீருக்கு ரொம்பத் தூரம் போக வேண்டும். கம்பெனிக்குள் ஓடுகிற தண்ணீர் என்று பார்த்தால் டெஸ்ட் ரூம் தொட்டி ஒன்றுதான்.

யார் போட்டது என்று யாரும் கேட்கவில்லை. பூஜை முடிந்ததும் பூவை எடுக்கும் வேலையை முதலாளி இதுவரை வேறு யாரிடமும் விட்டதில்லை. அவர் தன் கைக்கடிகாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

சல்லடையைக் கழுவி, குழாயை இறக்கி, தொட்டியில் மிதந்ததை எல்லாம் வலைக்கூடையால் அள்ளினோம். அள்ளியதை உதய் சார் ஒரு வாளியில் வாங்கி, தென்னை மரத்தடியில் கொட்டிவிட்டு வந்தார். பம்பை மறுபடி போட்டார்கள். எண் மேலே ஏறியது. வர வேண்டிய இடத்தில் வந்து நின்றது. ஜெனிதா அதை நம்பாமல், என்னிடம் டேங்கைத் தூக்கி வைக்கச் சொல்லி ஒரு தடவை அளந்தும் பார்த்தாள். டேங்கும் அதையே சொன்னது. எனக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

சர்ட்டிபிகேட் அச்சாகி வந்தது. எழுத்துகள் தாளில் விழ வேண்டிய கட்டங்களுக்குள்ளேயே விழுந்திருந்தன. கேசவன் சார் பழக்கத்தில் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். தாளைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திருப்பி ஜெனிதாவிடம் நீட்டினார்.

“நம்பரைத் தொட மாட்டேன்னு நின்னது நீதானே. நீயே போடு.”

அவள் முதலாளியைப் பார்த்தாள்.

“போடு கண்ணு. சொன்னது சொன்னதுதான்” என்றார்.

“வெளிக் கம்பெனிக்காரங்களுக்கு நான் ஃபோன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடறேனுங்க” என்றார் உதய் சார். “ஆனா ஒண்ணுங்க ஜெனிதா. அடுத்த வருஷம் தொட்டிக்கும் ஒரு மூடி போட்டுருங்க.”

அவள் தாளைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். சம்பளத்துக்கும் பேங்குக்கும் அவள் எத்தனையோ தடவை பெயர் எழுதியிருக்கிறாள். அவையெல்லாம் வாங்கிக்கொண்டேன் என்பதற்கு எழுதியவை. ஒரு பொருள் சரியாக இருக்கிறது, அதற்கு நான் பொறுப்பு என்று அதுவரை எழுதியதில்லை. பேனா தாளுக்கு மேலே நின்றது. வாசல் பக்கம் திரும்பி, “அண்ணா, இனிஷியல் முன்னாடியா, பின்னாடியா?” என்று கேட்டாள்.

“முன்னாடி” என்றேன். எங்கள் அப்பா பெயர் ஞானாபரணம்.

ஞா. ஜெனிதா, டெஸ்ட் ரூம் பொறுப்பாளர். 12.10.2024.